செவ்வாய்க்கு ஓர் இறக்கை, கீழே ஆறு தறி

என்ன வேலை செய்கிறாய் என்று ஆரணியில் யாராவது கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். செவ்வாய்க் கிரகத்தில் பறந்து தரையைப் படமெடுக்கும் ஆளில்லா விமானத்துக்கு, விசிறிபோல் சுழலும் இறக்கையை வடிவமைக்கிறேன் என்று மூச்சு வாங்க விளக்கி முடித்ததும், "அப்ப கல்யாணத்துக்கு டிரோன் வுடுவியாம்மா?" என்பார்கள்.

அலுவலகம் பெங்களூரில். அப்பாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆனதிலிருந்து எங்கள் வீட்டு மாடியிலேயே வேலை. கண்ணாடிப் பெட்டியிலிருந்து காற்றை உறிஞ்சிவிட்டு, உள்ளே இறக்கையைச் சுழலவிட்டு அதிர்வை அளப்பேன். அதிர்ந்து தொலைத்தது. தடிமனைக் கூட்டினேன், அப்போதும் அதிர்ந்தது. மறுபடி கூட்டினேன். மூன்று வாரம் இதே கூத்து. செவ்வாயில் காற்று மிக மெல்லியது, எடை கூடினால் விமானம் எழும்பாது. ஆகவே இரண்டு கேமராக்களில் ஒன்றைக் கழற்றிவிடலாம் என்று முடிவானது. அதை இரண்டு வருடமாக உருவாக்கிய சக பொறியாளர் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்.

திங்களன்று கடைசி வரைபடம் போக வேண்டும். சனிக்கிழமை சோதித்தால் அதிர்வே இல்லை. கருவி கெட்டுவிட்டதென்று எரிச்சலில் மேசையைக் குத்தினேன். திரையில் கோடு எகிறியது. கருவி நன்றாகத்தான் இருந்தது. பழைய மெல்லிய இறக்கையை எடுத்து மாட்டினேன். அதுவும் சாதுவாகச் சுழன்றது.

கீழே ஓடினேன். அன்று அமாவாசை, நெசவு வீடுகளில் தறி ஓட்டமாட்டார்கள். அப்பாவின் ஆறு விசைத்தறிகளும் நின்றிருந்தன. அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"தறி ஓடிகினு இருந்தா மாடியே ஆடும். இதுகூடத் தெரியாம இன்னாத்தம்மா படிச்ச? ஒரு வார்த்த சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேனே" என்றார்.

யார்மேல் எரிந்து விழுவது? பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம் என் காதுக்குச் சத்தமாகவே படவில்லை. என்மேல் எனக்கே ஆத்திரமாக வந்தது.

கேமரா பொறியாளருக்குப் போன் செய்தேன். "உங்க கேமராவ எடுக்க வேணாம். இறக்கை முதல்லேர்ந்தே சரியாத்தான் இருந்திருக்கு" என்று சொல்லி, காரணத்தையும் சொன்னேன்.

முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "மூணு வாரத்துல ஒரு தடவகூட நீங்க கீழ எறங்கிப் பாக்கலையா மேடம்?" என்றார்.

மூன்று வேளையும் அந்தத் தறிகளைத் தாண்டித்தான் சாப்பிடப் போனேன் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.