சித்தப்பாவின் தோல் பெல்ட்

திருப்பதியில் ஒரு லாட்ஜ் வாசலில் காவலுக்கு நிற்கிறேன். நாலு விரல் அகல பெல்ட், பலகை மாதிரி விறைப்பு. தினமும் கட்டிக் கட்டி இடுப்புக்கு மேலே வலி உயிர் போகிறது. குனிந்தால் அது கிறீச்சிடும். கேட்டதும் நாகலாபுரத்துச் சித்தப்பா ஞாபகம் வந்துவிடும்.

அவர் ரைஸ் மில் காவலாளி. வீட்டிலும் பெல்ட்டைக் கழற்றமாட்டார். தேங்காய் எண்ணெய் தடவி மினுக்குவார். குனிய முடியாமல் நின்றுகொண்டே சாப்பிடுவார். செருப்பைச் சித்திதான் மாட்டிவிட வேண்டும்.

ஒரு தீமிதித் திருவிழாவில், சாமி தூக்க அவர் முறை வந்தது. தோல் ஆகாது, கழற்றச் சொன்னார்கள்.

"இத்த அவுத்தா நானும் உங்கள மாதிரி கூலிக்காரன்தானடா!"

"அப்ப சாமிக்கு சல்யூட் அட்ச்சிகினு இங்கயே நில்லு," என்றார் என் நைனா.

சாமி போய்விட்டது. தெருவில் தனியாக, முதுகைப் பிடித்துக்கொண்டு அந்த மகாராஜா நின்றார்.

இன்று சூப்பர்வைசரிடம் வலியைச் சொன்னேன்.

"பெல்ட் இல்லன்னா எவன்யா உன்ன மதிப்பான்?"

பெல்ட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டினேன். மதிக்கிறவர்கள் அதை மதிக்கட்டும் என்று, பக்கத்தில் தரையில் கால் நீட்டி உட்கார்ந்தேன்.