எதையும் பிடிக்காத தையல்

பேருந்தில் ஏறினால் தையலக்கா முதலில் இருக்கையின் தையலைத்தான் கிள்ளிப் பார்ப்பாள். கணவர் தலையில் அடித்துக்கொள்வார்: "ஊரே ஜன்னல் சீட்டைத் தேடுது, நீ நூலைத் தேடு!"

பள்ளிப் பைகள் தைத்துக்கொண்டிருந்தவள், விலையுயர்ந்த ஸ்போர்ட்ஸ் கார் செய்யும் இந்தத் தொழிற்சாலைக்கு வந்து இருபத்திரண்டு வருடம். கதவு, இருக்கை, டேஷ்போர்டு எல்லாம் அவள் கை. இரண்டு தோல்களை இழுத்துச் சேர்த்துத் தைத்து முடித்ததும், உள்பக்கம் ஒரு சிவப்பு முடிச்சு போடுவாள். அதைப் பார்த்தாலே யார் தைத்தது என்று பட்டறைக்குத் தெரியும்.

இரண்டு வருடம் முன்பு டேஷ்போர்டுக்குத் தோல் வருவது நின்றது. தோல் மாதிரியே வரி அச்சிட்ட பிளாஸ்டிக் உறை, டேஷ்போர்டின் மேல் பசையால் ஒட்டியே வந்தது. ஓரத்தில் வரிசையாக ஓட்டைகள்.

"நூலை மட்டும் கோத்து விடுங்கக்கா. பார்க்கத் தையல் மாதிரி இருந்தா போதும்" என்றார் புதிதாக வந்த மேனேஜர்.

எதையும் எதோடும் சேர்க்காத தையல்! அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மகள் படிப்பு முடியட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கோத்தாள். கைப்பழக்கம், கடைசியில் சிவப்பு முடிச்சையும் போட்டாள். அங்கேதான் தப்புச் செய்தாள்.

இந்தக் கோடையில் ஒரு கார் திரும்பி வந்தது. வெயிலில் நின்றதில் டேஷ்போர்டு உறை கண்ணாடியோரம் கொப்புளமாக எழும்பியிருந்தது. கார்க்காரர் முகம் கடுகடுவென்று இருந்தது. மேனேஜர் அவளைக் கூப்பிட்டு, உறையின் எழும்பிய ஓரத்தைத் தூக்கி முடிச்சைக் காட்டினார்.

"தையல் தளர்ந்துபோச்சு சார். தைச்சது இவங்கதான். நாளையிலிருந்து இவங்க வேலைக்கு வரமாட்டாங்க."

மேனேஜரை இதுவரை 'சார்' என்றே அழைத்து வந்தவள் நிமிர்ந்தாள்.

"தம்பி, கொஞ்சம் தள்ளு."

பிளேடை எடுத்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நூலை அறுத்தாள். சரசரவென்று உருவினாள். கொப்புளம் தவிர மற்ற இடத்தில் உறை இம்மியும் அசையவில்லை.

"நகர்ந்துச்சா? என் நூல் எதையாவது பிடிச்சிருந்தாத்தானே தளர்றதுக்கு? பிடிச்சிருக்கிறது பசை. வெயில்ல விட்டதும் அதுதான்!"

கார்க்காரர் மேனேஜர் பக்கம் திரும்பினார். "முழுக்கத் தோல்னு சொல்லித்தானே வித்தீங்க?"

அவரையும் அவள் விடவில்லை. "வாங்கும்போது விரலை எங்க சார் வச்சிருந்தீங்க? ஒருதரம் தடவிப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்குமே!"

"அக்கா, வெளிய போங்க!" மேனேஜரின் குரல் கீச்சிட்டது.

"போறேன். ஆனா என் கையெழுத்தை இங்க விட்டுட்டுப் போகமாட்டேன்."

உருவிய நூலிலிருந்து சிவப்பு முடிச்சை மட்டும் வெட்டிப் பையில் போட்டாள். வாசலருகே, காரில் பொருத்த அனுப்பத் தயாராக, அவள் கோத்த ஆறு டேஷ்போர்டுகள் இருந்தன. ஒவ்வொன்றாகக் கவிழ்த்தாள். பின்னால் யார் யாரோ கத்தினார்கள். ஆறாவது முடிச்சையும் வெட்டிய பிறகுதான் பிளேடைக் கீழே வைத்தாள்.