பின்லாந்துப் பதக்கமும் என் உம்றாவும்

என் வீட்டுக்காரர் அபூதாஹிரைப் பற்றிக் கிண்ணியாவில் யாரிடம் கேட்டாலும் "நல்ல மனிசன்" என்றுதான் சொல்வார்கள். அவர்களுக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விடலாம். நல்ல மனிசனோடு குடும்பம் நடத்துவது எப்படியென்று என்னிடம் வந்து கேட்கட்டும். றோட்டில் கிடக்கும் ஒற்றைச் செருப்பைக்கூட இவர் எடுத்து வேலியில் கொழுவிவிட்டு, உரியவன் வருகிறானா என்று வாசலில் கதிரை போட்டுக் காத்திருப்பார். ஒருமுறை யாருடையதோ ஓர் ஆடு எங்கள் வளவுக்குள் புகுந்துவிட்டது. அதன் சொந்தக்காரனைத் தேடி இவர் மூதூர் வரைக்கும் போனார். அதற்குள் ஆடு என் கத்தரிக் கன்றுகளையெல்லாம் தின்று முடித்துவிட்டுத் தானாகவே தன் வீட்டுக்குப் போய்விட்டது. அது பக்கத்து வீட்டு ஆடு.

இவருடைய தொழில் சாரதி. சமாதானக் காலத்தில் யுத்த நிறுத்தத்தைக் கண்காணிக்க நோர்வே, சுவீடன், பின்லாந்து என்று அந்தக் குளிர் நாட்டு ஆட்கள் வந்து திருகோணமலையில் இருந்தார்களே, அவர்களுடைய வெள்ளை ஜீப்பை ஓட்டியவர்களில் இவரும் ஒருவர். அவர்கள் மூட்டை கட்டிப் போகும்போது, வேண்டாத சாமான்களை மேசையில் குவித்து, வேலை செய்தவர்களை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஒருவர் மின்விசிறி எடுத்தார். ஒருவர் சோறு சமைக்கும் குக்கர் எடுத்தார். என் மனிசன் எடுத்து வந்தது தொடை வரைக்கும் நீண்ட, பஞ்சு வைத்துத் தைத்த ஒரு குளிர்க் கோட்டு.

"இந்த வெயிலுக்குள்ள இத என்னத்துக்கு?" என்று கேட்டேன்.

"கடைசியா இது ஒன்டுதான் கிடந்த. விட்டிட்டு வந்தா அவங்கட மனசு நோகும்."

அந்தக் கோட்டு எங்கள் அலுமாரியில் பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டு பதினேழு வருடம் தொங்கியது. போன வருடம் நுவரெலியாவுக்குச் சுற்றுலா போகிற யாரோ கேட்டார்கள் என்று வெளியே எடுத்து உதறினேன். உள்துணி கிழிந்து, அதற்குள்ளிருந்து என்னவோ சீமெந்துத் தரையில் 'டங்'கென்று விழுந்தது. வட்டமான ஒரு பதக்கம். வாளைத் தூக்கிப் பிடித்த சிங்கம் அதில் இருந்தது. நம் நாட்டுக் கொடியிலும் சிங்கமும் வாளும்தானே, நான் பயந்தே போனேன். நம்முடைய ஆமிச் சாமான் எப்படி எங்கள் வீட்டுக்குள் வந்தது? பிறகு கைபேசியில் படம் பிடித்துத் தேடினேன். பின்லாந்து நாட்டுப் பழைய யுத்தத்தில், வீரம் காட்டிய சிப்பாய்களுக்குக் கொடுத்தது என்று வந்தது.

"அந்தக் கோட்டு யாருட?" என்று இவரிடம் கேட்டேன்.

"யாருக்குத் தெரியும்? எல்லாருட சாமானும் ஒன்டாத்தானே கிடந்த."

"அப்ப சரி. எங்களுக்குத் தந்ததுதானே, வைங்க."

இவர் பதக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கோட்டத்தான் தந்த ரபீக்கா. பதக்கத்தத் தரல்லையே."

இது எங்கே போய் முடியும் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஏனென்றால் அந்தக் கிழமைதான் நாங்கள் இரண்டு பேரும் மக்காவுக்கு உம்றா யாத்திரை போகக் கடவுச்சீட்டுக் கொடுத்திருந்தோம். என் வாழ்க்கையில் நான் கேட்டது அது ஒன்றுதான். என் மச்சாள் ஸஹ்ரா இரண்டு தரம் மக்காவுக்குப் போய் வந்துவிட்டாள். "நான் மக்காவில இரிக்கக்குள்ள" என்று தொடங்காமல் அவளுக்கு உப்பு விலையைப் பற்றிக்கூடக் கதைக்கத் தெரியாது. நான் பேரீச்சம்பழத்தைத் தின்றுகொண்டு தலையாட்டிக்கொண்டிருப்பேன். இப்போது என் முறை வந்த நேரம் பார்த்து இந்தச் சனியன் கோட்டுக்குள்ளிருந்து விழுந்தது.

நான் பயந்தபடியே நடந்தது. "இன்னொரு மனிசன்ட பொருள அலுமாரியில வெச்சிக்கிட்டு நான் கஃபதுல்லாக்கு முன்னால போய் நிக்க மாட்டன். உரியவருக்குக் குடுத்திட்டுத்தான் பயணம்" என்றார்.

"தெரியாமத்தானே கிடந்த?"

"இப்பத் தெரியுமே."

தனியாகப் போகவும் எனக்கு ஏலாது. ஆண் துணை வேண்டும், துணைக்கு வரக்கூடிய மகன் கட்டாரில். ஆகவே, எனக்கு மக்காவைக் காட்ட வேண்டிய பொறுப்பு, செத்தானோ இருக்கிறானோ என்று தெரியாத ஒரு பின்லாந்துச் சிப்பாயின் தலையில் விழுந்தது.

கண்டெடுத்த பொருளுக்கு எங்கள் ஊரில் ஒரு முறை உண்டு. பணப்பையோ வீட்டுத் திறப்போ மணிக்கூடோ, எதுவானாலும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள். வருகிறவர் அடையாளம் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால்தான் பொருள் கைக்குப் போகும். நான் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். அஸர் தொழுகை முடிந்ததும் மோதினார் பக்கீரின் குரல் கேட்டது. "பின்லாந்து நாட்டுக்குரிய பதக்கமொன்று கண்டெடுக்கப்பட்டுள்ளது. உரியவர் அடையாளம் கூறி அபூதாஹிரிடம் பெற்றுக்கொள்ளவும்." கத்தியை அப்படியே போட்டுவிட்டு நெற்றியில் கை வைத்தேன். கிண்ணியாவில் எவன் பின்லாந்துக்காரன்?

ஆனால் ஆள் வந்தது! பழைய இரும்பு வாங்கி விற்கிற, இவரைக் காக்கா என்று அண்ணன் முறை கொண்டாடுகிற முனாஸ் அன்று மாலையே வந்து, அது தன்னுடைய பதக்கம் என்றான்.

"எங்க கிடைச்ச?" என்று இவர் கேட்டார்.

"இஸ்கூல் விளையாட்டுப் போட்டியில காக்கா. சாக்கோட்டம், முதலாமிடம்."

"சாக்கோட்டத்துக்கு என்னத்துக்கு வாள்?"

முனாஸ் கொஞ்சம் யோசித்தான். "அந்தக் காலத்துப் போட்டியெல்லாம் கடுமை காக்கா" என்றான். தேத்தண்ணீர் குடித்துவிட்டு, வந்த வழியே போனான்.

இது சரிவராது என்று நானே முகநூலில் இறங்கினேன். உலகத்தில் எதற்குத்தான் குழு இல்லை! அந்தக் குளிர் நாடுகளின் பழைய இராணுவப் பதக்கங்களை எடுத்து வைத்துக்கொண்டு, இது முதன்முதலில் யாருடைய நெஞ்சில் குத்தப்பட்டது என்று கண்டுபிடிப்பதையே தொழிலாகச் செய்கிற ஒரு கூட்டம் இருந்தது. பெரும்பாலும் தாடி வைத்த கிழவர்கள். அல்ஹம்துலில்லாஹ், வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டு பதக்கத்தைப் படம் எடுக்க இவரிடம் சொன்னேன். எடுத்தார். முன்பக்கம் மட்டும். அதிலும் கீழ்ப் பாதியைத் தன் பெருவிரலால் மறைத்துக்கொண்டு எடுத்தார்.

"விரல எடுங்க!"

"எல்லாத்தையும் காட்டினா வாறவன் எல்லாரும் அடையாளம் சொல்லுவான். பிறகென்ன அடையாளம்?"

பெருவிரலோடேயே படம் போனது. தாடிக்காரர்கள் மரியாதையாகத்தான் தொடங்கினார்கள். பின்பக்கத்தைக் காட்டுங்கள், விளிம்பைக் காட்டுங்கள், தயவுசெய்து விரலை எடுங்கள். இவர் ஜீப் ஓட்டிப் பழகிய இங்கிலீசில் எல்லோருக்கும் ஒரே பதிலைப் போட்டார்: உரியவர் அடையாளம் சொல்லட்டும். ஒருவர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். இந்த வகைப் பதக்கத்தில் பெயர் பொறிப்பதில்லை, ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரி செய்தது, ஏதாவது விசேட அடையாளம் இருந்தால்தான் யாருடையது என்று தேடலாம், அதை நீங்கள் காட்டினால்தான் நாங்கள் தேடலாம் என்றார். "பெயர் இல்லாததாலதான் நானும் அடையாளம் கேக்கிறன்" என்று இவர் பதில் எழுதினார். அந்த மனிசன் அதற்குப் பிறகு அந்தப் பக்கமே வரவில்லை. இன்னொருவர் முழுவதையும் பெரிய எழுத்தில் எழுதினார். இங்கிலீசு அரைகுறையாகத் தெரிந்த எனக்கே அது ஏச்சு என்று விளங்கியது.

பொய்க்காரர்களும் வந்தார்கள். "என் தாத்தாவுடையது, அதில் ஒரு கீறல் உண்டு" என்றான் ஒருவன். "எந்தப் பக்கம்?" என்று இவர் கேட்டார். இடப் பக்கம் என்றான். பிறகு வலப் பக்கம் என்றான். பிறகு, விற்பீர்களா என்றான். பெருவிரலுக்குக் கீழே என்ன இருந்தது என்று எனக்கும் தெரியும். இப்போதைக்குச் சொல்ல மாட்டேன், இவர் கோபிப்பார்.

இதற்கிடையில் நாங்கள் சேர்ந்து போக இருந்த உம்றாக் குழு எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டது. பஸ் எங்கள் ஒழுங்கை முனையால்தான் போனது. நான் வாசலுக்கு வரவில்லை. அறைக்குள் இருந்து நன்றாக அழுதேன், அழுதது இவருக்குக் கேட்க வேண்டும் என்றே சத்தமாக அழுதேன். மௌலவியைக் கூப்பிட்டும் கதைத்துப் பார்த்தேன். தாராளமாகப் போகலாம், ஒரு தடையும் இல்லை என்று அவர் இவருக்கு நேரிலேயே சொன்னார். "மார்க்கம் போகச் சொல்லுது மௌலவி. என்ட மனசுதான் ஏலாதெங்குது" என்றார் இவர். மௌலவி என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு எழும்பிப் போனார்.

ஒரு வெள்ளிக்கிழமை, இவர் ஜும்ஆவுக்குப் போன நேரம், பதக்கத்தை எடுத்து முன்னும் பின்னும் முழுசாகப் படம் பிடித்தேன். முகநூலில் போடக் கையையும் கொண்டுபோனேன். பிறகு அழித்துவிட்டேன். இரக்கப்பட்டு அல்ல. எவனாவது களவாளி அதைப் பார்த்து அடையாளம் சொல்லி வாங்கிக்கொண்டு போய்விட்டால், கப்றுக்குப் போகும்வரை இந்த மனிசன் என்னைச் சும்மா விடமாட்டார்.

மூன்று மாதம் கழித்து ஒரு செய்தி வந்தது. அதில் யாரும் எங்களிடம் விரலை எடுக்கச் சொல்லவில்லை. "உங்கள் விரலை எடுக்க வேண்டாம்" என்று இருந்தது. "அதற்குக் கீழே ஒரு துளை இருக்கும். ஆணியால் அடித்த துளை. அப்பா அதில் தூண்டில் முள்ளைக் கட்டியிருந்தார்."

இவர் "அல்லாஹு அக்பர்!" என்று போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டது. மெய்தான். பதக்கத்தின் கீழ் விளிம்பில், மேலே வளையம் இருக்கும் இடத்துக்கு நேர் எதிரே, கோணலாக ஒரு துளை இருந்தது. துப்பாக்கிச் சூடு பட்ட துளை என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். வீர மனிசன், குண்டைப் பதக்கத்தில் வாங்கியிருக்கிறார் என்று நான் ஸஹ்ராவிடம்கூடச் சொல்லி வைத்திருந்தேன்.

எழுதியவர் ஐலா என்று எண்பது தாண்டிய ஒரு அம்மா. பதக்கம் அவருடைய தகப்பன் தோய்வோவுக்குக் கொடுத்தது. ஐலாவின் தம்பிதான் திருகோணமலைக்கு வேலைக்கு வந்தவர். அப்பாவின் ஞாபகமாக அதைக் கொண்டுதிரிந்தாராம். இங்கேயிருந்து போனதும் தொலைத்துவிட்டேன் என்று தேடித் தேடி, அவரும் இப்போது இல்லை. மறுநாள் வீடியோவில் கதைத்தோம். வெள்ளை முடி, பெரிய கண்ணாடி, பின்னால் யன்னலில் பனி. இவர் சேர்ட்டுக்குப் பொத்தான் எல்லாம் போட்டுக்கொண்டு நேராக உட்கார்ந்தார்.

பதக்கத்தை அனுப்பிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்திருக்கலாம். அதுதான் இல்லையே. உம்றாவுக்குப் போகிறவர்கள் புறப்பட முன் சொந்தக்காரர், அயலவர் எல்லோரிடமும் போய், தெரிந்தோ தெரியாமலோ செய்த பிழைக்கு மன்னிப்புக் கேட்பது எங்கள் வழக்கம். இவர் அந்த அம்மாவிடமும் கேட்டார். "உங்கள் பொருள் இவ்வளவு காலம் என் வீட்டில் இருந்துவிட்டது. நான் ஒரு புனிதமான இடத்துக்குப் போகிறேன். என்னை மன்னிக்க வேண்டும்" என்றார்.

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார். நெடுநேரம் கதைத்தார். முதலில் எனக்குத் தமிழில் மாற்றிச் சொல்லிக்கொண்டு வந்த இவர் நடுவில் நிறுத்திவிட்டார்.

"என்னங்க சொல்றா? சொல்லுங்களேன்!"

இவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். யுத்தம் முடிந்த பிறகு அங்கே பஞ்சம். தோய்வோ அந்தப் பதக்கத்தில் துளை போட்டு முள்ளைக் கட்டி ஏரியில் விட்டாராம். அதன் மினுக்கத்துக்குப் பெரிய மீன்கள் வந்து கடிக்குமாம். அந்த மீன்களைத் தின்றுதான் பிள்ளைகள் வளர்ந்தார்கள். ஐலாவுக்குப் பத்து வயதிருக்கும்போது பள்ளிக்கூடத்தில் வீரர்களின் பதக்கங்களைப் பற்றிப் படிப்பித்தார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் அப்பாவின் பதக்கத்தில் முள்ளும் மீன் செதிலும். கூட்டாளிப் பிள்ளைகளுக்கு முன்னால், "நாட்டின் மரியாதையை மீனின் வாய்க்குள் போட்ட வெட்கம் கெட்ட மனிதர்" என்று கத்தினாராம். அப்பா முள்ளைக் கழற்றி, பதக்கத்தைத் துடைத்து, மேசை லாச்சிக்குள் வைத்தார். அதற்குப் பிறகு ஏரிக்கே போகவில்லை. சாகும்வரை போகவில்லை.

"நீங்க மன்னிப்புக் கேக்கிற இடத்துக்குப் போறீங்க, நான் யாரிட்டப் போய்க் கேக்கிற என்டு கேக்கிறா" என்றார் இவர். அழுதுகொண்டிருந்தார். நானும்தான். மூன்று பேரும் ஆளையாள் பார்த்து அழுதோம், டேட்டா முடியும்வரை.

பதக்கத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். அந்த அம்மாவின் கைக்குப் போய்ச் சேர்ந்த செய்தி வரும்வரை இவர் அதற்கும் ஒரு மாதம் என்னைக் காக்க வைத்தார். பிறகுதான் பயணம்.

கஃபாவை முதன்முதலாகக் காணும்போது கேட்கிற துஆ வீண்போகாது என்று எங்கள் பெண்கள் சொல்வார்கள். அதனால் ஊரே என்னிடம் துஆ கொடுத்து அனுப்பியிருந்தது. ஒருத்தியின் மகனுக்கு விசா, இன்னொருத்தியின் மகளுக்கு மாப்பிள்ளை, ஸஹ்ராவுக்கு முழங்கால். எல்லாவற்றையும் விமானத்தில் பாடமாக்கிக்கொண்டே வந்தேன். தலையைத் தூக்கிக் கண்டேன். அவ்வளவுதான், ஒன்றும் ஞாபகம் வரவில்லை. என் வாயில் வந்தது வேறு.

"யா அல்லாஹ், தோய்வோ என்டு ஒரு மனிசன். புள்ளைகள் பசியா இருந்த நேரம் மீன் புடிச்சிக் குடுத்தவர். மகள் ஐலா வருத்தப்படுறா. அத அவருட காதுக்கு எத்தி வெச்சிடு."

இப்படிக் கேட்கலாமா என்று நான் எந்த மௌலவியிடமும் கேட்கவில்லை. கேட்டால் ஏதாவது சொல்லிவிடுவார்கள். முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன். இவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"ரபீக்கா, என்ன கேட்டீங்க?"

"உங்களுக்குக் கொஞ்சம் புத்தியக் குடுக்கச் சொல்லிக் கேட்டன்."

இவர் கண்ணைத் துடைத்தார். இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு, "ஆமீன்" என்றார்.