சும்மா இருக்க வைப்பவர்

"சாப்பிடுங்க. சாப்பிட்டுட்டு சும்மா இருங்க, ஒண்ணும் ஆக வேண்டாம்" என்று செல்களிடம் சொல்லிக்கொண்டே வட்டத் தட்டிலிருந்து பழைய திரவத்தை உறிஞ்சி எடுக்கிறார். பிறகு புதிய இளஞ்சிவப்புத் திரவத்தைத் தட்டின் ஓரமாக இறக்குகிறார். நடுவில் ஊற்றினால் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் செல்கள் பிய்ந்துவிடுமாம். தட்டின் சுவரைத் தொட்டபடி, சத்தமே இல்லாமல் ஊற்ற வேண்டும்.

எங்கள் மாடியில் எதிர்வீட்டுக்காரர் இவர். மனிதக் கருவிலிருந்து வந்த ஸ்டெம் செல்களை ஆய்வுக்கூடத்தில் வளர்ப்பது வேலை. அவற்றுக்குத் தினமும் தீனி மாற்ற வேண்டும்; லீவு கீவு எல்லாம் கிடையாது. அதனால் கட்டடம் முழுக்க இவருக்கு 'ஞாயிற்றுக்கிழமை அக்கா' என்றே பெயர். "உன் பிள்ளைங்களுக்குப் போட்டாச்சுன்னா எங்களுக்கும் ஏதாவது போடேன்" என்பார் அவர் கணவர். அடுப்பில் கிளறிக்கொண்டே சொல்வார், பாவம்.

ஒருநாள் நானும் கூடவே தொற்றிக்கொண்டு போனேன். முகமூடி, கையுறை எல்லாம் மாட்டிவிட்டு, "எதையும் தொட்டுடாதீங்க" என்று மிரட்டித்தான் உள்ளே விட்டார். சின்னக் குப்பியைக் காட்டினார்.

"இதுக்குப் பேரு வளர்ச்சிக் காரணி. ஆனா இங்க இது பாக்கற வேலையே வேற. இந்த செல்லுங்க தோலாவும் ஆகலாம், நரம்பாவும் ஆகலாம், இதயமாவும் ஆகலாம். 'இப்போதைக்கு இப்படியே இரு'ன்னு வெளியிலேர்ந்து இது சொல்லிக்கிட்டே இருக்கும். சொல்றது நின்னுச்சு, அதுபாட்டுக்குக் கண்டபடி ஏதாவது ஆயிடும். அப்புறம் நாம கேக்கறது ஆகாது."

சூட்டில் அந்தச் சரக்கு சீக்கிரமே வலுவிழந்துவிடும். அதனால்தான் தினமும் புதிதாக ஊற்றுவது. சும்மா இருப்பதற்கு இவ்வளவு பாடா என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அக்கா வீட்டிலும் ஒருத்தி சும்மா இருந்தாள். படிப்பை முடித்து, கணக்கு வேலையில் சேர்ந்த வேகத்திலேயே விட்டுவிட்டு வந்த மகள். ஒரு வாரம் மர வேலை கற்றுக்கொள்வாள், மறு வாரம் பறவை பார்க்கப் போவாள். என்ன ஆகப்போகிறாய் என்று கேட்டால் "தெரியலைம்மா" என்பாள். அதில் திமிர் இல்லை, நிஜமாகவே தெரியவில்லை. எனக்கு அந்தப் பெண்ணை ரொம்பப் பிடிக்கும். அக்காவுக்குத்தான் கவலை. "இப்படியே இருந்துட்டான்னா?" என்று என்னிடம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார்.

வெளியூரில் இருக்கும் நாத்தனார், தன் கம்பெனியில் வேலை போட்டுத் தருவதாகச் சொன்னார். கையெழுத்துப் போட்டால் ஐந்து வருடம் அசைய முடியாது. இடத்தைக் காட்ட அக்காவே மகளை இழுத்துக்கொண்டு போனார், ஒரு சனி, ஞாயிறு. வேலைக்கு வந்த நாளாக முதல் தடவையாகத் தட்டுகளை மறந்தார். பார்த்துக்கொள்ளும்படி யாரிடமும் சொல்லவும் இல்லை.

திங்கட்கிழமை நுண்ணோக்கியில் கண்ணை வைத்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கூட்டம் கூட்டமாக நெருங்கி உட்கார்ந்திருந்தவை ஓரங்களில் தட்டையாகி, ஆளுக்கொரு பக்கமாகப் பரவியிருந்தன. மாறியவற்றைச் சுரண்டி எறிந்துவிட்டு, நடுவில் மாறாமல் தப்பியதைத் துண்டு துண்டாகப் புதுத் தட்டுக்கு மாற்றினார். மாறியது திரும்பாது. பொழுது சாயும்வரை கழுத்து நிமிரவில்லை.

"அதுங்களை என்ன சொல்றது? சொல்ல வேண்டியவ நான்தான் அங்க இல்ல" என்றார் மாடிப்படியில்.

அன்று அவர்கள் வீட்டில் எனக்கும் சாப்பாடு. பதில் வாங்கிக்கொண்டு போக நாத்தனாரும் வந்திருந்தார். காகிதமும் பேனாவும் தட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தன.

"இன்னைக்காவது வாயைத் திறந்து சொல்லு. என்னதான் ஆகப்போறே?" என்று நாத்தனார் மகளைக் கேட்டார்.

மகள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். போகிறேன் என்று சொன்னால் அம்மாவுக்கு நிம்மதி என்று அவளுக்குத் தெரியும். "சரி அத்தை" என்று பேனாவுக்குக் கை நீட்டினாள்.

"இப்ப ஒண்ணும் ஆக வேண்டாம் அண்ணி. அவ சாப்பிடட்டும்" என்றார் அக்கா.

பேனாவைத் தள்ளி வைத்துவிட்டு, மகளின் காலித் தம்ளரை எடுத்துச் சற்றே சாய்த்துப் பிடித்தார். சுவரைத் தொட்டபடி, ஓரமாக, சத்தமே இல்லாமல் தண்ணீரை ஊற்றினார்.