வீடு விற்கும் வாசனை

எங்கள் ஊரில் வீடு விற்றுக் கொடுக்கிற ஒவ்வொருவரும் வாங்க வருகிறவர்களை மயக்க ஒரு வித்தை வைத்திருக்கிறார்கள். ஒருத்தர் கடையில் வாங்கிய மாவைத் துண்டு போட்டு பிஸ்கட் சுடுவார். இன்னொருத்தர் எலுமிச்சை வாசனையைப் பீய்ச்சியடிப்பார். அந்த வீட்டுக்குள் நுழைந்தால் பல் டாக்டரிடம் வந்த மாதிரி இருக்கும். நடீன் கெஸ்லர் ஆப்பிள் வேக வைப்பாள். பக்கவாட்டில் ஆரஞ்சுப் பூக்கள் போட்ட பழைய ஸ்லோ குக்கர் ஒன்று, கரண்டில் மெல்ல வேக வைக்கிற பானை, அவளிடம் இருந்தது. கல்யாணத்துக்கு வந்த பரிசு. கல்யாணம் சீக்கிரமே முறிந்துவிட்டது, பானை இன்னும் உழைக்கிறது.

நான் அவளோடு ஒரே அலுவலகத்தில் இத்தனை வருஷமாகக் குப்பை கொட்டுகிறவன். பெயர் வென்டெல். புல்தரையில் ‘விற்பனைக்கு’ பலகை அடிப்பது, அறைகளை அளப்பது, வீட்டைத் திறந்து காட்டுகிற நாளில் வாசலில் நின்று வருகிறவர்களின் பூட்ஸைக் கழற்றச் சொல்வது, இவையெல்லாம் என் வேலை. வீட்டு வியாபாரத்தில் பாதி புளுகு என்பது என் அபிப்பிராயம். அதை நடீனிடம் சொல்லியும் இருக்கிறேன். “மீதிப் பாதியிலதான்பா உனக்குச் சம்பளம் வருது” என்பாள்.

ஆப்பிள் வித்தையை அவள் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சனிக்கிழமை, சர்ச் விருந்துக்கு அவள் ஆப்பிள் கொண்டுபோக வேண்டியிருந்தது. அன்றைக்கே வீடு காட்டவும் வேண்டியிருந்தது. பானையை அந்த வீட்டுச் சமையலறையிலேயே பிளக்கில் செருகி வைத்துவிட்டாள். மழையில் நனைந்து வந்த ஒரு தம்பதி சமையலறைக்குள் போனவர்கள் வெளியே வரவே இல்லை. படுக்கையறையைக்கூடப் பார்க்காமல் வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள். அன்று சர்ச் விருந்துக்கு நடீன் கடையில் வாங்கிய ரொட்டியைக் கொண்டுபோய்த் திட்டு வாங்கினாள். அதிலிருந்து பானை அவள் காரின் பின்சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்துகொண்டது.

ஆப்பிளில் ஸ்பை ரகம்தான் வேண்டும் அவளுக்கு. மக்கின்டாஷ் போட்டால் கூழாகிவிடும். கண்ணாடி மூடி வழியாகக் கூழைப் பார்த்தால் ஆஸ்பத்திரிச் சாப்பாடு நினைவுக்கு வரும், யாரும் வீடு வாங்க மாட்டார்கள் என்பாள். தோலை அங்கங்கே விட்டுச் சீவி, வெண்ணெய், பழுப்புச் சர்க்கரை, பட்டைத் தூள், ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் ஆப்பிள் சாறு சேர்த்து, குறைந்த சூட்டில் காலையிலேயே வைத்துவிடுவாள். ஸ்லோ குக்கரில் சமைக்கிற எந்தப் பெண்ணும் மூடியைத் திறக்க மாட்டாள். சூடு போய்விடும். நடீன் மட்டும் மரக்கரண்டி ஒன்றைக் குறுக்கே வைத்து மூடியைச் சாய்த்து விடுவாள். சூடு போனால் போகட்டும், வாசனை வெளியே வர வேண்டும். அதனால் மேல்பக்கத் துண்டுகள் எப்போதும் காய்ந்து செருப்புத் தோலாகக் கிடக்கும். சமையல் என்று பார்த்தால் படுதோல்வி. அதை யாரும் சாப்பிட்டதும் இல்லை. காட்டி முடித்ததும் ஆப்பிளைக் குப்பையில் கொட்டி, ஜன்னல்களைத் திறந்து காற்றாட விட்டு, வீட்டுக்காரர் திரும்புவதற்குள் கிளம்பிவிடுவாள். வீட்டுக்காரர் கண்ணில் பானை படவே கூடாது. வீட்டுக்காரரே வீட்டில் இருக்கக் கூடாது என்பது அதைவிடப் பெரிய விதி.

அவள் சின்ன வயதில் அவர்கள் குடும்பம் வாடகை கொடுக்க முடியாமல் வீடு மாற்றிக்கொண்டே இருந்தது. அப்பா ஆப்பிள் பெட்டி அடுக்கும் கொட்டகையில் வேலை பார்த்தார், வேலை பார்த்த நாட்களைவிடப் பார்க்காத நாட்கள் அதிகம். பள்ளிக்கூட பஸ் ஓட்டிய ஹார்லன் டெக்கர் ஒவ்வொரு வருஷமும் பள்ளி திறக்கும்போது கண்ணாடி வழியாகப் பார்த்துக் கேட்பாராம்: “கெஸ்லர் பொண்ணே, இந்த வருஷம் எங்க நிறுத்தணும்?” பஸ் முழுக்கச் சிரிக்கும். இதை நடீனே என்னிடம் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்போது அவள் ஒரு சின்ன அடுக்குமாடி வீட்டில் தனியாக இருக்கிறாள். அங்கே அவள் சமைப்பதே இல்லை. பாலில் கார்ன்ஃபிளேக்ஸ் போட்டுக்கொண்டு ராச்சாப்பாட்டை முடித்துவிடுவாள்.

அந்த ஹார்லன் டெக்கரின் வீட்டைத்தான் அந்த வருஷம் அவள் விற்க வேண்டியிருந்தது.

மனுஷனுக்கு எண்பது தாண்டிவிட்டது. மனைவி கோரின் போய்ச் சேர்ந்த பிறகு அந்தப் பெரிய வீட்டில் ஒண்டியாகக் கிடந்தார். போன குளிர்காலத்தில் நிலவறைப் படியில் விழுந்து, எழுந்திருக்க முடியாமல் கீழேயே கிடந்தார். தபால்காரர் கதவைத் தட்டி, சத்தம் கேட்டு, ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். கொஞ்சம் தாமதித்திருந்தால் குளிரிலேயே முடிந்திருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வடக்கே இருக்கும் மகள் அவருக்காகத் தரைத்தளத்தில் ஒரு அறை கட்டி முடித்துவிட்டாள். வீட்டை விற்றுக் கொடு என்று ஹார்லனேதான் நடீனிடம் வந்தார். ஆனால் வாங்க ஆள் கிடைத்து, பேசி முடித்து, பேனாவைக் கையில் கொடுத்ததும், “ஒரு சுத்து சுத்திட்டு வர்றேன்” என்று எழுந்து போவார். அறை அறையாகப் போய்விட்டு வந்து, “இப்ப வேணாம் நடீன்” என்று பேனாவை மூடி வைத்துவிடுவார். வசந்தத்தில் ஒரு தடவை இப்படி. கோடையில் இன்னொரு தடவை. இப்போது அக்டோபர் முடிகிறது. பனி வருவதற்குள் அவர் கையெழுத்துப் போடாவிட்டால் இன்னொரு குளிர்காலமும் அந்தப் படிகளோடுதான்.

“இந்தத் தடவையும் மாட்டேன்னு சொன்னா என்ன பண்ணுவ?” என்று காரில் போகும்போது கேட்டேன்.

“கைய முறுக்கியா கையெழுத்து வாங்க முடியும்? பலகைய ஒழுங்கா அடி. போன தடவை கோணலா அடிச்ச.”

அன்று சனிக்கிழமை, தூறல். ஊரே கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தது. ஹார்லனை அவருடைய சிநேகிதர் கெரிட் வீட்டில் ஆட்டம் பார்க்க அனுப்பிவிட்டு, நடீன் ஆப்பிளை வைத்தாள். நாலைந்து பேர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அப்புறம் வில்யாரியல் தம்பதி வந்தார்கள். புருஷன் எஃப்ரென் ஆப்பிள் குளிர்கிடங்கில் மேஸ்திரி, மனைவி மரிசெலா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. எஃப்ரென் உள்ளே வந்ததும் மூக்கை உறிஞ்சி, “ஸ்பை. எங்க கிடங்குல இருந்து வந்ததாத்தான் இருக்கும்” என்றான். மரிசெலா சமையலறை ஜன்னலருகே நின்று, அங்கே மேஜையைப் போடலாமா, இங்கே போடலாமா என்று ஆரம்பித்துவிட்டாள். மேஜையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டால் வீடு விற்ற மாதிரிதான்.

அந்த நேரம் பார்த்துப் பின்கதவு திறந்தது. ஹார்லன். தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“கெரிட் தூங்கிட்டான். நம்ம பசங்க தோத்துக்கிட்டு இருக்காங்க, இவன் குறட்டை விடறான். பாக்கச் சகிக்கல, வந்துட்டேன்.”

நடீன் முகம் வெளுத்துவிட்டது. அவர் கதவருகிலேயே நின்று மூக்கைத் தூக்கி முகர்ந்தார். பிறகு மிதியடியில் பூட்ஸை நன்றாகத் துடைத்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“உள்ள வரலாமா?” என்றார்.

“உங்க வீடு ஹார்லன்,” என்றாள் நடீன்.

அவர் உள்ளே வந்து வில்யாரியல்களின் பின்னாலேயே நடக்க ஆரம்பித்தார். நடீன் காலை வெயில் இந்த ஜன்னல் வழியாக வரும் என்றால், “ஆமா, குளிர்காலத்துல காத்தும் அதே வழியாத்தான் வரும்” என்கிறார். நிலவறை விசாலமானது என்றால், “மழை பெஞ்சா நீச்சல் பழகலாம்” என்கிறார். மரிசெலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“நீங்க யாரு? பக்கத்து வீடா?” என்று எஃப்ரென் கேட்டான்.

“நானா?” ஹார்லன் தொப்பியை மறு கைக்கு மாற்றினார். “நானும் பாக்கத்தான் வந்தேன்.”

நடீன் அவர் முழங்கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்து வந்தாள். “நான் விக்கப் பாக்கறேன், நீங்க ஏன் இப்படிக் காலை வாரறீங்க? அந்தப் பொண்ணு மேஜை போட ஆரம்பிச்சிட்டா.”

“ஒரு கிண்ணத்துல அந்த ஆப்பிளக் கொஞ்சம் போடு.”

“அது சாப்பிடறதுக்கு இல்ல.”

“வேற எதுக்கு?”

நடீன் ஒரு கிண்ணத்தை எடுத்தாள். போட்டுக் கொடுத்தாள். அவர் நின்றபடியே ஒரு துண்டை வாயில் போட்டு மென்றார், மென்றுகொண்டே இருந்தார்.

“கொடுமையா இருக்கு நடீன். பூட்ஸுக்கு அடித்தோல் போடலாம்.” இரண்டாவது துண்டையும் எடுத்தார். “கோரின் ஆப்பிள் சாறு பிழியற சைடர் ஆலையில டோனட் போட்டது உனக்கு நெனவிருக்கா? பட்டையும் சர்க்கரையும் தலைமுடியில, காதுக்குள்ள, எங்க பாத்தாலும். வீட்டுக்கு வந்தா அந்த வாசனையே ஆகாது அவளுக்கு. குமட்டும். கிறிஸ்துமஸுக்குக்கூடப் பட்டை வாங்க விட மாட்டா. இந்தச் சமையலறைக்குள்ள பட்டை வந்ததே கிடையாது. வெங்காயம், தரைக்குப் போடற மெழுகு, அவளோட சிகரெட். அதுதான் எங்க வீடு.”

நடீன் கையில் கரண்டியோடு நின்றாள். “ஐயோ ஹார்லன். எனக்குத் தெரியாது. இப்பவே அணைச்சு ஜன்னலத் தொறந்துடறேன்.”

“இரு, இரு.” அவர் கிண்ணத்தை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். “நான் பின்கதவத் தொறந்ததும் யார் வீட்டுக்குள்ளயோ நொழஞ்சுட்டேன்னு நெனச்சேன். நெசமாத்தான் சொல்றேன். ஒவ்வொரு ரூமா போய்ப் பாத்தேன். எங்கயும் அவ இல்ல. போன ரெண்டு தடவையும் அவ இருந்தா. துணி அலமாரியத் தொறந்தா இருந்தா. மாடிப்படியில இருந்தா. அவளத் தனியா விட்டுட்டு எப்படிக் கையெழுத்துப் போடறது?”

வெளியே கூடத்தில் எஃப்ரென் நாடாவை வைத்துச் சுவரை அளந்துகொண்டிருந்தான். நான் அளந்து தந்த கணக்கை அவன் நம்பவில்லை என்பது எனக்கு எரிச்சலாக இருந்தது. அந்த நேரத்தில் எரிச்சல்பட அது ஒன்றுதான் கிடைத்தது.

சாயங்காலமே வில்யாரியல்கள் விலை சொல்லிவிட்டார்கள். பேரம் பேசவில்லை. நிலவறை நீச்சல்குளத்தையும் சேர்த்தே வாங்கிக்கொள்கிறோம் என்று மரிசெலா சொன்னாளாம். நடீன் காகிதங்களைச் சமையலறை மேஜைமேல் பரப்பினாள், பேனாவின் மூடியைக் கழற்றிக் கொடுத்தாள். நான் ஹார்லனைப் பார்த்தேன். எழுந்து சுற்றப் போகிறாரா என்று பார்த்தேன். அவர் எழுந்திருக்கவில்லை. காட்டிய இடத்திலெல்லாம் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்.

நடீனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. காகிதங்களை அடுக்கிப் பைக்குள் வைத்தாள். பழக்கதோஷத்தில் பானையின் பிளக்கைப் பிடுங்கக் கை நீட்டினாள்.

“அதத் தொடாத,” என்றார் ஹார்லன்.

“எல்லாம் முடிஞ்சுதே. இனிமே எதுக்கு?”

“சாவி குடுக்க இன்னும் எத்தன வாரம் இருக்கு! இத அணைச்சுட்டுப் போனா ராத்திரிக்குள்ள இது மறுபடியும் அவ வீடாயிடும். நாளைக்குக் காலையில உனக்கு ஃபோன் பண்ணி, வேணாம்னு சொல்லிடுவேன். என்னப் பத்தி எனக்குத் தெரியும்.” அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டே பேசினார். “நான் போகணும் நடீன். அந்தப் படியில கெடந்தப்போ எவ்வளவு பயந்தேன்னு எம் பொண்ணுகிட்டகூடச் சொல்லல. நான் கெளம்பறவரைக்கும் இத எரிய விடு.”

நடீன் என்னைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. இத்தனை வருஷமாக ஆட்களை வீட்டுக்குள் இழுக்க வைத்த பானை அது. ஒரு கிழவரை அவர் மனைவியிடமிருந்து பிரித்து வெளியே அனுப்பவும் அதுவே வேலை செய்யும் என்று அவளுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது, அவரைப் பார்க்க அதைவிடப் பாவமாக இருந்தது.

“வென்டெல், கார்ல ஸ்பை ஆப்பிள் இன்னொரு பை இருக்கு. கொண்டா,” என்றாள்.

கொண்டுவந்தேன். மூன்று பேரும் உட்கார்ந்து தோல் சீவினோம். அவர் நீளமாக, அறுந்துபோகாமல் சீவினார். நான் சீவியதைப் பார்த்து, “வேலி மரமா செதுக்கற?” என்று கேட்டார். மரக்கரண்டியை எடுத்துவிட்டு மூடியை ஒழுங்காக மூடினால் சாப்பிடவாவது நன்றாக இருக்குமே என்றேன். வேண்டாம் என்று இருவருமே சொன்னார்கள்.

அன்றிலிருந்து அலுவலகத்துக்கு வருமுன் நடீன் தினமும் அங்கே போய்ப் பழையதைக் கொட்டிப் புதிதாக வைத்துவிட்டு வந்தாள். வேறு வீடுகளைப் பானை இல்லாமல்தான் காட்டினாள். ஒன்றும் குறைந்துபோகவில்லை, விற்கிற வீடு விற்றது. அவளுடைய கோட்டிலும் காரிலும் பட்டை வாசனை ஏறிப்போய், அலுவலகத்தில் எல்லோரும் பட்டைக்காரி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவள் கண்டுகொள்ளவில்லை.

முதல் பனி விழுந்த வாரத்தில் மகள் காரில் வந்தாள், பின்னாலேயே சாமான் வண்டியும் வந்தது. சாமான்கள் எல்லாம் ஏறிவிட்டன. காலியான சமையலறையில் பானை மட்டும் தரையில் உட்கார்ந்து கொதித்துக்கொண்டிருந்தது. ஹார்லன் கோட்டுப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு வந்து, அங்கே நின்று, நன்றாக ஒரு மூச்சு இழுத்தார். “சரி, போலாம்” என்றார். மகள் அவர் கையைப் பிடித்துப் படி இறக்கிக் காரில் ஏற்றினாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் நடீனும் ஜன்னலில் நின்றோம். கார் தெருமுனை திரும்புகிறவரை அவள் பிளக்கில் கை வைக்கவில்லை. திரும்பிய பிறகு குனிந்து அதைப் பிடுங்கிவிட்டு, வீட்டு ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்து விட்டாள்.