சாமுவேல் வாசித்த கிரேக்கம்

எழுபதுகளில் நானும் சாமுவேலும் சனிக்கிழமைதோறும் கவரைப்பேட்டையில் ரயிலேறி, போதகர் படிப்புக்காக மெட்ராசில் பழைய கிரேக்கம் கற்கப் போவோம். ஆரம்பப் பாடங்கள் முடிந்து, ஏற்ற இறக்கத்தோடு உரக்க வாசிக்கும் கட்டம் வந்தது.

இலக்கணத்தில் நான்தான் கெட்டி. வாசித்தால் மட்டும் ரேஷன் கடையில் பெயர் கூப்பிடுவதுபோல் இருக்கும். சர்ச்சில் பாடுகிற சாமுவேல் வாசித்தாலோ ஆசிரியர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். எனக்கு வயிறு எரியும். அவனைக் காப்பியடிக்கிறேன் என்று யாரும் சொல்லிவிடக்கூடாதென்று, வேண்டுமென்றே தட்டையாக வாசிப்பேன்.

ஒரு சனிக்கிழமை அவன் டிபன் டப்பாவோடு ஸ்டேஷனில் நின்றான். கையில் புத்தகமில்லை.

"கும்மிடிப்பூண்டி கம்பெனில வேலை கெடச்சிட்சிபா. ஊட்ல கஷ்டம். இனிமே நீ மட்டும் போய்க்கினு வா."

வருத்தப்படுவதுபோல் தலையாட்டினேன். என் ரயில் நகர்ந்ததும் ஜன்னலோரம் உட்கார்ந்து சிரித்துக்கொண்டேன்.

அன்று வகுப்பில் முதலில் வாசித்தது நான். போட்டிக்கு ஆளில்லாததால் குரலை அதன் போக்கில் விட்டேன். ஆசிரியர் கண்ணை மூடிக்கொண்டார். முடித்ததும், "சாமுவேல் வாசிச்ச மாதிரியே இருக்குப்பா," என்றார்.

வயிற்றெரிச்சலில் அவனை அவ்வளவு உன்னிப்பாகக் கேட்டிருக்கிறேன்.

இப்போது நான் போதகர். கிரேக்கத்தில் வாசிக்கும்போதெல்லாம் அவன் ஏற்றிய இடத்தில்தான் என் குரல் ஏறுகிறது. யாராவது பாராட்டினால், இன்றும் அவன்மேல் பொறாமையாகத்தான் இருக்கிறது.