தலைகீழாய் மாட்டும் அந்தோணிதாஸ்

சிவப்புக் கம்பியைக் கறுப்பு முனையிலும் கறுப்பைச் சிவப்பிலும் மாட்டிவிட்டு, டார்ச் பல்பை முறைத்துக்கொண்டிருப்பார் எங்கள் எஸ்டேட் இன்ஜின் டிரைவர் அந்தோணிதாஸ். பல்பு எரியக்கூடாது. எரியாவிட்டால் நமக்குத் திருப்தி. அவருக்கு இல்லை. "இன்னொரு பேட்டரி சேத்துப் பாப்போம்லா" என்று அடுத்ததை இழுப்பார்.

அவர் சோதிப்பது செலினியத் தகடு. இன்ஜின் ஓடும்போது ஆஸ்பத்திரி பேட்டரிக்குள் மின்சாரத்தை விடும். இன்ஜின் நின்றபின் திரும்பிப் போக விடாது. இந்த அவசரகாலத்தில் எங்கள் முள்வேலி கேட்டும் அப்படித்தான். அரிசி உள்ளே வரலாம், காட்டில் ஒளிந்திருக்கும் கலகக்காரர்களுக்குப் போய்விடுமென்று ஒரு பிடிகூட வெளியே போகக்கூடாது. ஆனால் கேட்டுக் காவலரை யாரும் பத்துப் பேராய்ச் சேர்ந்து தள்ளிப் பார்ப்பதில்லையே! எதிர்ப்பக்கமாகப் பேட்டரிக்கு மேல் பேட்டரி ஏற்றினால் எந்தத் தகடுதான் தாங்கும்? பல்பு பளிச்சென்று எரியும். தகடு கருகி, அழுகிய முள்ளங்கி நாற்றம் இன்ஜின் கொட்டகையை நிறைக்கும். "பாத்தீங்களா டிரசர், வீக்கு!" என்பார், ஆஸ்பத்திரியைக் கவனிக்கும் என்னிடம், ஏதோ நான் செய்த தகடு மாதிரி. நல்ல தகடுகள் இரண்டை இப்படித்தான் ஒழித்தார். புது ஏணி வந்தாலும் முதலில் ஏறிக் குதிப்பார். உடைந்தால் "நல்லவேளை" என்பார். இவரோடு மல்லுக்கட்டியே எனக்குப் பாதி ஆயுசு போய்விட்டது.

போன சனிக்கிழமை மூன்றாவது தகடு சிரம்பானிலிருந்து லாரியில் வந்தது. அன்று மதியமே அவர் மகள் ஃபிளோராவுக்குத் தலைப்பிரசவ வலி. ஊரடங்கு தொடங்கினால் யாரும் வேலி தாண்ட முடியாது. ஒன்பது மணிக்கு இன்ஜின் நின்றுவிட்டால் பேட்டரி விளக்குதான் கதி; அதற்குள் பேட்டரியில் மின்சாரம் ஏறியிருக்க வேண்டும். மருத்துவச்சி மார்த்தா வந்து வந்து எட்டிப் பார்த்தாள். இந்த மனிதரோ கம்பியைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்! ஒரு பேட்டரி. எரியவில்லை. இரண்டு. எரியவில்லை.

"போதும்யா, எடுத்து மாட்டுங்க!" என்று கத்திவிட்டேன்.

"நடுராத்திரில இது கைய விரிச்சிட்டா? எம்புள்ள இருட்டுல கெடக்கணுமா டிரசர்?" அவர் கை மூன்றாவது பேட்டரியை இழுத்தது.

பக்கத்து ஆஸ்பத்திரிக் கட்டடத்திலிருந்து "அப்பா!" என்று ஃபிளோரா அலறினாள்.

அந்தோணிதாஸ் தகட்டைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். "நீங்களே மாட்டுங்க" என்றார். நான் கடைசித் திருகாணியை முடுக்கும்வரை, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுகக் கோத்துக்கொண்டு நின்றார்.